பஸ் பெட்டியில் பொன்னம்மா

காலையில் கோப்பியும் ரோட்டியும் கிடைத்துவிட்டால் எனக்கு யார்மேலும் கோபம் வராது, ஐயா. விசாரிக்க வந்தவர் நீங்கள், கேளுங்கள், சிரித்த முகமாகவே சொல்கிறேன்.

மலாக்காவில் பிறப்புப் பதிவு ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, பதினெட்டு வருடம் இருந்தேன். பேரேடுகளில் எல்லாம் என் சொந்தக் குறிகள். வட்டம் என்றால் காஜா பெராங் பகுதியில் பிறந்தவர், வால் போட்ட வட்டம் என்றால் பத்து பெரெண்டாம் பகுதி. வேறு யாருக்கும் தலைகால் புரியாது. பிறப்புப் பத்திரம் வேண்டுமென்றால் என் மேசைக்குத்தான் வரவேண்டும். அந்தக் கூட்டம் எனக்குப் பிடித்திருந்தது.

மெர்டேக்கா, அதுதான் நாட்டுக்குச் சுதந்திரம், வந்த கையோடு உத்தரவு வந்தது. இனி எல்லாப் பெயரும் அட்டையில், ஆங்கில அகரவரிசையில், எழுத்துக்கு ஒரு பெட்டியாக, யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கும்படி இருக்க வேண்டுமாம். புதிதாகச் சேர்ந்த தனபாலனுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம்.

"இனிமே நீங்க லீவு போட்டாலும் ஆபீஸ் நடக்கும்ணே."

எனக்குச் சுருக்கென்றது.

அட்டைகளை நான்தான் எழுதினேன். தமிழில் 'ப' ஒன்றுதான். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு எழுத்து: பேனாவுக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று. பேனாப் பெட்டியில் இருக்கவேண்டிய பொன்னம்மாவை பஸ் ஏற்றிவிட்டேன். பத்மினியையும்தான். மலாய்க்காரர், சீனர் பெயர்களைத் தொடவில்லை. நம் ஜனங்களுக்குத்தானே நான் வேண்டும்.

காஜா பெராங் பொன்னம்மா ஒருநாள் வந்தாள். பிறப்புப் பத்திரம் இருந்தால்தான் குடியுரிமை. குடியுரிமை இருந்தால்தான் சலவைக்கூடத்து வேலை நிலைக்கும். புருஷன் இல்லாதவள், பிள்ளைகள் இரண்டு. என் மேசையைத் தாண்டி நேரே தனபாலனிடம் போனாள். அவன் பேனாப் பெட்டியை மூன்று நாள் துழாவினான்.

"ரெக்கோட் இல்லக்கா. நீங்க இங்கதான் பொறந்தீங்களா?"

"இந்தக் காஜா பெராங்லதான் தம்பி. வேற ஊரே தெரியாதே."

நாலடி தள்ளி நான் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறார்களே என்று சிரிப்பாக இருந்தது. ஆறு தடவை வந்தாள். ஆறு தடவையும் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வேலை போயிற்று. கண்ணால் பார்த்திராத நாகப்பட்டினத்துக்குப் பிள்ளைகளோடு கப்பல் ஏறினாள். சின்னவன் நடுக்கடலிலேயே காய்ச்சலில் போய்விட்டான் என்று கேள்வி.

அவளைப்போல் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். தெரியாமல் நடந்த பிழை இல்லை, தெரிந்தே செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த நிமிடமே எழுந்துபோய் எடுத்துக் கொடுத்திருப்பேன். பிறருக்கு உதவாத குணம் எனக்கு என்றைக்கும் கிடையாது.