தண்ணித் தட்டுப் புழு

சரி சரி, நம்ம தெருச் சங்கச் செயலாளருக்குச் சால்வை போட்டது போதும்... எல்லாரும் உட்காருங்க. ஒரு குட்டிக் கதை தொண்டையிலேயே நிக்குது, சொல்லிட்டுப் போயிடறேன்.

மணவாளன்னு ஒரு விஞ்ஞானி. பயிரைத் தின்னுற புழுவைக் கொல்ற புரதம் எந்த பாக்டீரியாவுல இருக்குன்னு தேடுறதுதான் அவர் வேலை. ரிட்டயர் ஆகறதுக்குள்ள ஒரு புரதத்துக்காவது தன் பேரை வெச்சிடணும்னு மனுஷனுக்குத் தீராத ஆசை.

ஒருநாள் வீட்டுத் தோட்டத்து மண்ணுல ஒரு பாக்டீரியா சிக்குச்சு. ஆய்வகத்துல வளர்த்தாரு, புரதத்தைப் பிரிச்சாரு, ஜெல்லுல ஓட்டிச் சாயம் போட்டாரு... பளிச்சுனு ஒரு நீலக் கோடு, புரதம் இருக்குங்கறதுக்கு அடையாளம்! அந்தப் புரதத்தை முட்டைக்கோஸ் இலையில தடவிப் புழுவுக்கு வெச்சாரு. அப்புறம் வந்து பார்த்தா... அத்தனை புழுவும் காலி!

துள்ளிக் குதிச்சாரு. உடனே பேரு வெச்சாச்சு. என்ன பேரு? 'மணவாளின்'! பத்திரிகைக்காரங்களும் வந்து உட்கார்ந்தாச்சு.

அப்போ கூட வேலை பார்க்கிற அமுதவல்லி மேடம் ஓடி வர்றாங்க. "சார்... ஒப்பிட்டுப் பார்க்க இலையில வெறும் தண்ணி தடவி ஒரு தட்டு வெச்சோமே... அந்தப் புழுவும் செத்துக் கிடக்கு சார்!"

இவரு என்ன சொன்னாரு தெரியுமா? "அப்படியா! தண்ணிக்கும் என் பேரையே வெச்சிடும்மா!"

அவங்க தலையில அடிச்சுக்கிட்டாங்க. "கோஸ் எங்க சார் வாங்கினீங்க?"

"சந்தையிலதான். ஒரு ஓட்டைகூட இல்லாததாப் பொறுக்கி எடுத்தேன்!"

"ஓட்டை எப்படி சார் இருக்கும்? மருந்தடிச்ச கோஸ் அது! மிச்சத்தை என்ன பண்ணீங்க?"

"பொ... பொரியல்..." வயித்தைப் பிடிச்சுக்கிட்டாரு.

வந்தவங்களுக்கு போண்டாவைக் குடுத்து அனுப்பிட்டு, மருந்தடிக்காத இலையில திரும்பத் தடவி வெச்சாங்க. புழு செத்துச்சா? எங்க செத்துச்சு! கொழுகொழுன்னு ஆயிடுச்சு! மணவாளின் அதுக்குச் சத்துமாவுங்க! பாவம், மனுஷன் அழுதுட்டாரு.

இதை ஏன் இங்க சொல்றேன்? செயலாளர் புகையடிச்சதால நம்ம தெருவுல கொசு ஒழிஞ்சுதுன்னு சால்வை போட்டோம். சந்தோஷம். ஆனா... புகையே அடிக்காத பக்கத்துத் தெருவுலயும் கொசு இல்லையே, அது ஏன்? கோடை வெயில்ல சாக்கடையே காஞ்சு கிடக்குய்யா! இவராலதான் நடந்துச்சுன்னு கைதட்டறதுக்கு முந்தி, அவர் கையே வைக்காத இடத்துல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. அந்தத் தண்ணித் தட்டைப் பாருங்க!

செயலாளரே, முறைக்காதீங்க... சால்வையைத் திருப்பிக் கேக்கல. மழை வரட்டும். அப்போ புகையடிச்சுக் கொசுவை ஒழிச்சுக் காட்டுங்க, நானே இன்னொண்ணு போடறேன்!