நொண்டிச் சேவலின் இசைத்தட்டு

— காப்பி அப்புறம் ஆகட்டும் சம்மந்தியம்மா. ஒரே வார்த்தை சொல்லுங்க. நான் குடுத்தனுப்புன பார்சலைப் பிரிச்சீங்களா, பிரிக்கலையா?

— மொதல்ல உக்காருங்கண்ணே. கடலூர்லேர்ந்து பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேங்கறீங்க, இங்க சிதம்பரம் வந்தும் நின்னுக்கிட்டே பேசணுமா?

— உபதேசியார் வீட்டு ஆளு நின்னா ஒண்ணும் கொறைஞ்சிடாது. பிரிச்சீங்களா?

— லண்டன் மாப்பிள்ளை அனுப்புனதுன்னு ஆள் விட்டுக் குடுத்தீங்க. பிரிக்காம எப்படிண்ணே இருப்போம்? நாப்பது நாளு தபசு காலம் தொடங்குறதுக்கு மொத நாளு வந்துச்சு, அன்னிக்கே பிரிச்சாச்சு. இன்னிக்கு ஈஸ்டர் பாஸ்கா முடிஞ்சு மூணாம் நாளு.

— போச்சு.

— என்ன போச்சு?

— ஒண்ணுமில்ல. தபால்ல மாறி வந்துடுச்சு. அது எங்க வீட்டுத் தட்டே இல்ல. இந்தாங்க, துண்டுல சுத்திக் கொண்டாந்திருக்கேன். வெள்ளித் தட்டு. என் கல்யாணத்துக்கு மாத்துனது. இதை வச்சுக்கிட்டு அதைக் குடுத்துடுங்க. நாலு மணி பஸ்ஸைப் புடிக்கணும்.

— மாறிப்போச்சா? பார்சல் மேல ஒங்க மவன் சந்தியாகு கையெழுத்து இருந்துச்சே.

— கையெழுத்து அவனுதுதான். உள்ள இருந்ததுதான் மாறிப்போச்சு.

— ஏண்ணே, அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க ஒரு வாட்டி பிரிச்சுப் பாத்திருக்கலாம்ல?

— லண்டன் முத்திரையோட அப்படியே வந்து எறங்குனாத்தான ஒங்க தெருவுல நாலு பேரு பாப்பாங்க? பிரிச்சு ஒட்டுன பார்சலை அனுப்புற குடும்பமா எங்க குடும்பம்? தூக்கிப் பாத்தேன். சதுரமா இருந்துச்சு. வட்டத் தட்டு உள்ள பத்திரமா இருக்கும்னு நெனச்சேன்.

— வட்டமாத்தான் இருந்துச்சு. கறுப்பா. நான் தோசைக்கல்லுன்னு நெனச்சேன்.

— யார் யாரு பாத்தாங்க?

— பாத்தவங்க கம்மிண்ணே. கேட்டவங்கதான் ஜாஸ்தி.

— கேட்டாங்களா!

— அதுக்கு முன்னாடி அட்டையைச் சொல்லிடறேன். அட்டையில அஞ்சு ஆம்பளைங்க. தோள் வரைக்கும் முடி, நெஞ்சு வரைக்கும் தாடி, அங்கியாட்டம் தொளதொளன்னு சட்டை. ஒருத்தர் கால்ல செருப்புகூட இல்ல. நாளைக்குத் தபசு காலம்னா இன்னிக்கு இப்படி ஒரு படம் வீட்டுக்கு வருது. நீங்களே சொல்லுங்க, யாருன்னு நெனப்பீங்க?

— வேணாம், சொல்லாதீங்க.

— அப்போஸ்தலர்னு நெனச்சோம்.

— சொல்லாதீங்கன்னேனே!

— நான் ஏன் பொய் சொல்றேன்? மேல இங்கிலீசுல பெரிய எழுத்து. கல்யாணப் பொண்ணு, எங்க பாப்பா, டைப்ரைட்டிங் படிக்கிறவ, அவ படிச்சு அர்த்தம் சொன்னா. நொண்டிச் சேவலாம். சேவல்னதும் எனக்கு இருந்த கொஞ்ச சந்தேகமும் போயிடுச்சு. சேவல் கூவுறதுக்குள்ள இராயப்பர் ஏசுநாதரைத் தெரியாதுன்னு மூணு வாட்டி மறுதலிச்சாரே, அந்த விஷயந்தான்னு முடிவு பண்ணிட்டேன்.

— நொண்டின்னு போட்டிருக்கே, அதை யோசிக்கலையா?

— வெள்ளைக்காரன் ஊருல சேவல் எப்படி இருக்குமோ, நமக்கென்ன தெரியும்? பன்னண்டுல அஞ்சு பேருதான இருக்காங்கன்னு சங்கடமா இருந்துச்சு. மிச்ச ஏழு பேரு பின்னாடி இருப்பாங்கன்னு திருப்பிப் பாத்தேன். பின்னாடி வெறும் எழுத்துதான். சரின்னு பீடத்துல வச்சு நாலு நாளு செபமாலை சொன்னோம். நடுவுல நின்னவரு மொகம் சாந்தமா இருந்துச்சா, அவருக்கு மட்டும் தனியா ஒரு மெழுகுத்திரி.

— நடுவுலயா? மூக்கு இப்படிக் கொஞ்சம் கோணலா?

— ஆமாண்ணே! ஒங்களுக்கு எப்படித் தெரியும்?

— தெரியாது. யாரோ எவனோ. அந்த ஆளை எனக்குத் தெரியாது. மேல சொல்லுங்க.

— அஞ்சாம் நாளு எதிர்வீட்டு குலாம் முகம்மது பாய் வந்தாரு. சொந்த ஊரு பரங்கிப்பேட்டை. பினாங்குல இருபது வருஷம் கடை வச்சிருந்தவரு. பீடத்தைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. “அம்மா, மன்னிச்சுக்குங்க, இது பாட்டு ரெகார்டு, நொண்டிச் சேவல்ங்கறது பாடுறவங்க கோஷ்டிப் பேரு”ன்னாரு. அவருகிட்ட ரெகார்டு போடுற பெட்டி இருக்கு. தூக்கிட்டு வந்து இதோ இந்த ஜன்னல் ஓரமா வச்சுப் போட்டாரு.

— தபசு காலத்துல பாட்டா? அதுவும் ஜன்னல் ஓரமா? எங்க குடும்பத்தோட சம்மந்தம் பண்ணப்போறவங்க செய்யிற காரியமா இது?

— எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அதான் பெரிய சாமியாரையே கூப்பிட்டுக் கேட்டுட்டேன்.

— சாமியாரும் கேட்டாரா!

— ரெண்டு பாட்டு முழுசா கேட்டாரு, கண்ணை மூடிக்கிட்டு. மூணாவது தொடங்குனதும் எழுந்துட்டாரு. “தபசு காலத்துல பாட்டு கேக்கக்கூடாதுதாம்மா. ஆனா இதைப் பாட்டுன்னு சொல்ல முடியாது. இதைக் கேக்குறதே ஒரு தபசு. தாராளமா கேளுங்க”ன்னு சொல்லிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் எனக்கு மனசுல உறுத்தலே இல்ல.

— மூணு தலைமுறையா கோயில்ல மந்திரம் சொல்லிக் குடுத்த குடும்பம். சாமியார் வாயால இதையும் கேக்கணும்னு இருக்கு.

— நீங்க ஏண்ணே வருத்தப்படுறீங்க? அதான் ஒங்க தட்டு இல்லையே.

— இல்லதான். பொதுவாச் சொன்னேன். வேற யாரு?

— பக்கத்து வீட்டுப் பட்டம்மாள். அது புருஷன் பொண்டாட்டி சண்டைன்னுட்டா. பாடுறவன் அப்படிக் கத்துறான்னா தப்பு அவன் பேர்லதானாம். ரெண்டாம் பக்கம் போட்டதும், இப்ப பொண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போயிட்டா, கெஞ்சுறான், கூப்பிடப் போவ மாட்டான்னு பாத்தேன், போயிக் கெஞ்சுறான்னா. ஒரு வார்த்தை இங்கிலீசு தெரியாது அவளுக்கு. ஆனா பாப்பா கேட்டுட்டு, பாட்டு கிட்டத்தட்ட அதேதாங்கறா.

— கர்மம்.

— அப்புறம் ஒரு நாளு பண்ருட்டியிலேர்ந்து பலாப்பழ லாரி. நம்ம வாசலுக்கு வந்ததும் டிரைவர் டக்குன்னு நிறுத்திட்டு லாரிக்கு அடியில போயிட்டான். கியர் பாக்ஸ் போச்சுன்னு தலையில அடிச்சுக்கிறான். சத்தம் லாரியில இல்லப்பா, ஜன்னல்லன்னு பாய் போய்ச் சொன்னாரு. வெளிய வந்து முழுப் பாட்டும் கேட்டான். “ஆனா கியர் பாக்ஸ் இப்படித்தாங்க போவும், கரெக்டா பாடுறாங்க”ன்னு ஒரு பழத்தை எறக்கி வச்சுட்டுப் போனான்.

— பாய் என்ன சொன்னாரு? ஊர் ஒலகம் பாத்தவரு.

— அவருதான் நல்லாப் புரியவச்சாரு. அந்தக் காலத்துல கறுப்பு சனங்க பருத்திக்காட்டுல படாத பாடு பட்டுப் பாடுன சோகப் பாட்டாம் இது. வெள்ளைக்காரப் பசங்க அந்தச் சோகத்தை வாங்கிக் கரண்டு குடுத்துட்டாங்களாம். அதான் இம்மாஞ் சத்தமாம்.

— சோகப் பாட்டா. அப்ப ஒரு கௌரவம் இருக்கு.

— இருக்கு. நாலு பேரும் தொழில் தெரிஞ்சவங்கதான்னாரு. அஞ்சாவது ஆளுதான் கத்துக்குட்டியாம்.

— யாரு அஞ்சாவது?

— மவுத்தார்கன் ஊதுறவன். மூச்சு வாங்குறது அப்படியே கேக்குது, இவனை எதுக்குச் சேத்தாங்கன்னாரு பாய்.

— பாய்க்கு என்ன தெரியும்? பினாங்குல கடை வச்சா எல்லாம் தெரிஞ்சிடுமா? மூச்சு விடாம ஊதுறதுக்கு அது என்ன மில்லு சங்கா? பதினாலு வயசுலயே ரயிலு வர்ற மாதிரி ஊதுவான். கடலூர் ஓ.டி. ஸ்டேஷன்ல போர்ட்டரு பச்சைக் கொடியைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்திருக்கான், தெரியுமா?

— யாருண்ணே?

— யாரோ. ஊதுறவன். எனக்கு அவனைத் தெரியாது.

— மூணாவது வாட்டிண்ணே.

— என்ன மூணாவது?

— எங்க தட்டே இல்லன்னீங்க. நடுவுல நிக்கிறவரைத் தெரியாதுன்னீங்க. இப்ப ஊதுறவனையும் தெரியாதுங்கறீங்க. வெளிய சேவல் எதுனா கூவுதான்னு பாத்துட்டு வரட்டுமா?

— பஸ்ஸுக்கு நேரமாச்சு. நான் கெளம்புறேன்.

— யாகப்பண்ணே. உக்காருங்க.

— உக்காந்துட்டேன். அது என் மவன்தான். சந்தியாகு. நேத்துத்தான் லெட்டர் வந்துச்சு. இன்ஜினியர் வேலையை விட்டுட்டு அந்த நாலு பேரோட ஊதிக்கிட்டிருக்கானாம். பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப அவன் மவுத்தார்கனை நாந்தான் புடுங்கி உப்பனாத்துல வீசுனேன். லண்டன்ல போயி வேற வாங்கிட்டான்.

— மாதாவே! அப்ப நான் மெழுகுத்திரி ஏத்துனது மாப்பிள்ளைக்கா?

— சிரிக்காதீங்க சம்மந்தியம்மா.

— சிரிக்காம? நாலு நாளா மண்டி போட்டு, எம்பொண்ணுக்கு நல்லபடியா கல்யாணம் நடக்கணும்னு அவர்கிட்டயே வேண்டியிருக்கேன்! போவட்டும்ண்ணே. ஊதுறாரு, குடிக்கலையே, திருடலையே. அதுக்குப் போயா வெள்ளித் தட்டைத் தூக்கிட்டு ஓடியாந்தீங்க?

— அது மட்டும்னா நான் வந்திருக்க மாட்டேன். இன்னொண்ணு இருக்கு. வெள்ளித் தட்டைக் குடுத்து மூடிடலாம்னுதான் வந்தேன். மூணு பொய் சொல்லிட்டேன், நாலாவது வர மாட்டேங்குது.

— சொல்லுங்க.

— அவன் கப்பல் ஏறுறப்பவே சட்டம் போட்டேன். வீட்டுக்கு எழுதுற லெட்டர்ல ஒரு இங்கிலீசு வார்த்தை கலக்கக்கூடாது, சுத்தத் தமிழா இருக்கணும். கலந்தா பதில் போட மாட்டேன்னேன். ஒங்க பொண்ணைப் பத்தி எழுதி, சம்மதமான்னு கேட்டேன். பதிலுக்கு ஒரே வரி எழுதுனான். ‘இசைத்தட்டு அனுப்பியுள்ளேன், பெற்றுக்கொள்க.’

— இசைத்தட்டுன்னா ரெகார்டுதான? ரேடியோவுல நாளெல்லாம் சொல்றாங்களே.

— எங்க வீட்டுல ரேடியோ கெடையாது. இசைன்னா எனக்கு இசையிறது. சம்மதிக்கிறது. இசைவுன்னு சொல்றதில்ல? பொண்ணு வீட்டுக்கு இசைவு சொல்லி அனுப்புற தட்டு, இசைத்தட்டு. வெள்ளைக்காரன் ஊருல இருந்துக்கிட்டு என்ன அழகா எழுதியிருக்கான்னு எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. கோயில்ல நாலு பேருக்குப் படிச்சுக் காட்டுனேன்.

— அப்படின்னா அவரு சம்மதம்?

— சொல்லவே இல்ல. பொண்ணு வீட்டுக்கு அனுப்பிட்டேன்னு நான் எழுதுனதுக்கு நேத்து வந்த லெட்டர்லயும் அந்தப் பேச்சு இல்ல. ‘அதைப் பெண் வீட்டுக்கா அனுப்பினீர்கள், அதில் ஊதுவது நான்’னு ஒரே புலம்பல். தபசுக்கு முன்னாடி நான் ஒங்களுக்குக் குடுத்த வாக்கு வெறும் வாக்கு. தட்டு மாத்துறதுக்கு நாள் குறிக்கச் சொன்னதும் நாந்தான். எங்க குடும்பத்துல குடுத்த வாக்கு இதுவரைக்கும் தவறுனதில்ல. அந்தத் தட்டைக் குடுத்துடுங்க. நான் எடுத்துட்டுப் போயிட்டா, பொண்ணு வீட்டுல தட்டு வாங்குனாங்கன்னு ஒரு பேச்சு இருக்காது. வேற நல்ல எடமாப் பாருங்க. தப்பு எங்களுதுன்னு தெருவுல நின்னு நானே சொல்லிட்டுப் போறேன்.

— தெருவுக்கே சொல்லிட்டேனேண்ணே. பட்டம்மாள் புடவைகூட எடுத்து வச்சுட்டா. மாதாவே, பாப்பாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?

— பொண்ணு அதைக் கேட்டுச்சா? என்ன சொல்லுச்சு?

— அவளை யாரு கேட்டா? தெனம் சாயங்காலம் போடுவா, கேப்பா, அட்டையில போட்டு வச்சிட்டுப் போயிடுவா. பாப்பா! வந்துட்டியா? கதவுகிட்டயே எம்மா நேரமா நிக்கிறே? அந்த ரெகார்டை எடுத்துட்டு வா. மாமாகிட்ட குடுத்துடு.

— குடுக்க முடியாதும்மா.

— பாத்திமா மேரி!

— வாங்க மாமா. ஒரு தட்டு வந்து, நம்ம தட்டு போவலன்னா திருப்பிக் குடுக்கலாம். நம்ம தட்டும் போயிடுச்சே.

— எங்கம்மா போச்சு?

— லண்டனுக்கு மாமா. பார்சல் பின்னாடி அவரு விலாசம் இருந்துச்சு. எவர்சில்வர் தட்டு ஒண்ணு ஏர் மெயில்ல அனுப்புனேன்.

— அடிப்பாவி! தட்டு ஒண்ணு கொறையுதுன்னு ஒரு மாசமா நான் வேலைக்கு வர்ற மாரியம்மாளைத் திட்டிக்கிட்டிருக்கேன்!

— அவளுக்குத் தெரியும்மா. சும்மா திட்டு வாங்குனா.

— நில்லுங்க சம்மந்தியம்மா. அதுல பேரு வெட்டியிருந்துச்சாம்மா? பேரு வெட்டாத தட்டு கணக்குல சேராது.

— பாத்திரக்கடையில கேட்டாங்க மாமா, என்ன வெட்டணும்னு. ரெகார்டைப் பத்தி ஊரே அபிப்பிராயம் சொல்லுது, என்னைத்தான் யாரும் கேக்கல. அதனால என் அபிப்பிராயத்தை வெட்டச் சொன்னேன்.

— தட்டுலயா?

— விளிம்பைச் சுத்தி. ‘இரண்டாம் பக்கம் மூன்றாம் பாட்டு நன்று. மற்றவை இரைச்சல். மூச்சு வாங்கும்போது வாத்தியத்தைத் தள்ளிப் பிடிக்கவும். இங்ஙனம், பாத்திமா மேரி.’ எடம் பத்தல. பேரைத் தட்டுக்கு அடியில வெட்டுனாரு.

— எங்க வம்சத்துல இப்படி ஒரு... அந்த மூணாம் பாட்டு, அதுதான் ரயிலு மாதிரி வர்றதா?

— ஆமா மாமா. ஸ்டேஷனை விட்டுப் போறது வரைக்கும் கேக்கும்.

— ம். சரி. எம்மவன் ரோஷக்காரன். கோவிச்சுக்கிட்டானா?

— பெரிய வெள்ளிக்கு மொத நாளு தந்தி வந்துச்சு.

— தந்தியா? எங்கிட்ட ஏண்டி சொல்லல?

— தபசு காலத்துல கல்யாணப் பேச்சு எடுக்கக்கூடாதுன்னு மாமாதானம்மா சொல்லியனுப்புனாங்க. பாஸ்கா முடிஞ்சு அவுங்களே வருவாங்கன்னு வச்சிருந்தேன்.

— தந்தியில என்னம்மா இருக்கு? இங்கிலீசுல கண்டபடி திட்டியிருக்கானா?

— எழுத்துதான் இங்கிலீசு மாமா. நீங்க போட்ட சட்டத்தை மீறல. சுத்தத் தமிழ், ஒரே வார்த்தை: ‘இசைந்தேன்.’