மெய்யான கலியாணம்

இல்லைப் பிள்ளை, போகச் சொல்லிக் கதவைச் சாத்தேல்லை, குளிர் உள்ளுக்கு வருதெண்டுதான். வாரும், வாரும். சப்பாத்தைக் கழட்ட வேண்டாம், உந்த மிதியடியிலை நில்லும். ஓம், செல்வரட்ணத்தைத் தெரியும். வடிவாத் தெரியும். நீர் இண்டைக்குத்தானே அவருக்கு வோட்டுக் கேட்டுத் திரியிறீர், நான் அந்தாளுக்குப் போன எலெக்சனிலை ஆபிஸ் நிறைய ரோல்ஸ் பொரிச்சுக் குடுத்தனான்.

உம்மடை பேரென்ன? பவ்யா. இந்தியாவோ? அப்ப நான் கதைக்கிறது விளங்குதோ? விளங்காட்டிச் சொல்லும், ஆறுதலாக் கதைக்கிறன். நான் மக்டலீன்.

எங்கை, உந்த நோட்டீசை ஒருக்காத் தாரும். இதை நீர் வாசிச்சனீரே? இங்கிலிஷ் பக்கம் மட்டும். அதுதானே. அதிலை என்ன கிடக்கு? எல்லாக் குடும்பமும் என்ரை குடும்பம். பக்கத்திலை சின்னதா ஒரு வானவில். சரி, இப்ப பிரட்டும். தமிழ்ப் பக்கத்தை வாசியும். ஏன் நிப்பாட்டிறீர்? பறவாயில்லை, எனக்குக் கண்ணாடி இல்லாமலே பாடம். மெய்யான கலியாணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் நடப்பது. மற்றதற்கு இடங்கொடுத்த சட்டத்தை மாகாண சபையில் மீண்டும் வாக்கெடுப்புக்கு விடுவேன். ஒரே ஆள், ஒரே தாள், ரெண்டு பக்கம்.

ஓம், நடக்காதெண்டு எனக்கும் தெரியும். இருபது வருசத்துக்கு மேலை இருக்கிற சட்டம், ஒரு மாகாணம் நினைச்சு மாத்தேலாதாம். அவருக்குத் தெரியாதே? ஆனா அப்பிடிச் சொன்னா எங்கடை ஆக்கள் கொஞ்சப்பேர் கூட வோட்டுப் போடுவினம். அதுக்கு என்ரை பிள்ளையின்ரை கலியாணம்தான் கிடைச்சதோ அவருக்கு?

ஓம், என்ரை மகன். அன்ட்ரூ. போன வருசம் ஜூனிலை மரியோவைக் கலியாணம் செய்தவன். போர்த்துக்கீசப் பெடியன். நல்ல பிள்ளை, என்ரை கையாலை மீன் குழம்பு எண்டா சட்டியை வழிச்சுச் சாப்பிடுவான்.

நானும் ஒண்டும் திறமில்லை, பிள்ளை. இஞ்சை உந்தச் சட்டம் வந்த நேரம் மாதா கோயில் வாசலிலை மேசை போட்டு, வேண்டாமெண்டு கையெழுத்து வாங்கினவை. பூசை முடிய வரிசையிலை நிண்டு நானும் வைச்சனான். அன்ட்ரூவுக்கு அப்ப எட்டு வயசு, என்ரை மற்றக் கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன். என்ரை மனுசன் வைக்கேல்லை. அலெக்ஸாண்டர் எண்டு, இஞ்சை தமிழ்ப் பேப்பர் ஒண்டிலை எழுதினவர், பிழை திருத்தினவர். ஆரின்ரையோ கலியாணத்திலை நான் என்னத்துக்குக் கையெழுத்து வைக்கிறதெண்டு கேட்டிட்டு, போய்க் காருக்கை இருந்திட்டார். ஒரு கிழமை நான் அவரோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை.

பேந்து, அன்ட்ரூ வளந்து வந்து விசயத்தைச் சொன்ன நேரம் நான் கத்திக் குளறினன். வீட்டுப்பக்கம் வராதை எண்டும் சொன்னனான், இப்ப நினைச்சாலும் வாய் கூசுது. மனுசன்தான் ஒரு வருசமாக் கதைச்சுக் கதைச்சு என்னை வழிக்குக் கொண்டு வந்தவர். கலியாணத்தண்டு மைக்கை வாங்கி, நான் கன கலியாணம் பாத்திட்டன், இதுதான் மெய்யான கலியாணம் எண்டார். உண்மையான எண்டு சொல்லேல்லை பாரும். மெய்யான. இந்தக் காலத்திலை ஆர் அப்பிடிச் சொல்லினம்? உம்மடை செல்வரட்ணமும் முன் மேசையிலை இருந்து கை தட்டினவர். எழும்பி நிண்டு தட்டினவர்.

அன்ட்ரூவுக்குத் தமிழ் கதைச்சா விளங்கும், வாசிக்கத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நான் இழுத்துக்கொண்டு போகாத நாளில்லை, ஒண்டும் ஏறேல்லை. ஆனா மெய்யான எண்ட அந்தச் சொல்லை மட்டும் அப்பாவைக் கொண்டு ஒரு துண்டிலை எழுதுவிச்சு, அதே கையெழுத்திலை ரெண்டு மோதிரத்துக்குள்ளையும் வெட்டுவிச்சவன். அந்த ஒரு சொல்லுத்தான் அவனுக்குத் தமிழிலை வாசிக்கத் தெரியும்.

இல்லையில்லை, அழேல்லை. சளி. தேத்தண்ணி குடிக்கிறீரோ? சரி, உமக்கு இன்னும் கன வீடு கிடக்கு.

செல்வரட்ணத்திலை எனக்குப் பெரிய கோவமில்லை. அரசியல் செய்யிறவர், இஞ்சை ஒண்டு கதைப்பார், அங்கை ஒண்டு கதைப்பார். போன கிழமை உந்த நோட்டீஸ் வர நான்தான் நிண்டு கத்தினன், பாருங்கோ உந்தாளின்ரை வேலையை எண்டு. அலெக்ஸாண்டர் குனிஞ்ச தலை நிமிராமல் தேத்தண்ணியை ஆத்திக்கொண்டிருந்தார். நான் திருப்பி வாசிச்சன். ஒரு எழுத்துப்பிழை இல்லை. இஞ்சத்தை நோட்டீசிலை பிழையில்லாத தமிழை நீர் எங்கையாவது கண்டனீரோ? ஒரு ஒற்றுக்கூட விடுபடேல்லை. பேந்துதான் அந்தச் சொல்லு கண்ணிலை பட்டுது.

உதை நீங்களோ எழுதினது எண்டு கேட்டன். ஓம் எண்டார். அண்ணை, உங்களைப்போலை தமிழ் எழுத இஞ்சை ஆர் இருக்கினம் எண்டு செல்வரட்ணம் வந்து கேட்டவராம். பேப்பர் நிண்டு எட்டு வருசம், ஒருத்தரும் இவரிட்டை ஒரு வரி கேக்கேல்லை. கருத்து அவரின்ரை, தமிழ் மட்டும்தான் என்ரை எண்டு சொல்லுறார். தமிழ் மட்டுமாம். அந்தத் தமிழை நம்பித்தானே, பிள்ளை, நான் என்ரை பிள்ளையைத் திரும்ப வீட்டுக்குக் கூப்பிட்டனான்?

கீழை பேஸ்மென்றிலை இருக்கிறார். கூப்பிட வேண்டாம். உம்மடை லிஸ்டிலை எனக்கு இல்லை எண்டு போடும். அவருக்கு என்னத்தைப் போடுறதெண்டு எனக்குத் தெரியேல்லை.

போக முன்னம் இந்தப் போனை ஒருக்காப் பாரும், பிள்ளை. நீர் படிச்சனீர், இதுக்கு என்ன பதில் போடுறதெண்டு சொல்லும். காலமை அன்ட்ரூ அனுப்பினவன். மார்க்கம் றோட்டிலை அவன்ரை கொண்டோ வீட்டுக்கும் நோட்டீஸ் போயிருக்கு. படம் எடுத்து, அந்தச் சொல்லைச் சுத்திச் சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்திலை ரெண்டு இதயமும் போட்டிருக்கிறான். அம்மா, எங்கடை மோதிரத்துச் சொல்லு நோட்டீசிலை வந்திருக்கு, மிச்சம் என்ன எழுதியிருக்கு எண்டு கேக்கிறான். நீங்கள் வேலையா இருந்தா அப்பாட்டைக் கேக்கிறன் எண்டும் போட்டிருக்கிறான்.