வெளியே வரும் அம்பு

மகளை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் கம்பஸில் படிக்கும் பிள்ளைகள் இருவர். பெடியன் பெட்டிகளும் அம்புகளும் கீறிய ஒரு பெரிய தாளை விரித்து வைத்திருந்தான்.

"உம்மட மொடல் ஆக்களை விழுங்குது," என்றாள் பெண்.

ஒட்டுக்கேட்பது சரியல்லதான். ஆனாலும் கேட்டேன்.

"விசர்க் கதை. ஆமி செக் பொயின்ற்றில நடக்கிறதைத்தான் கீறியிருக்கிறன். பஸ்ஸால இறங்குறது, வரிசையில நிக்கிறது, அடையாள அட்டை காட்டுறது, திரும்ப ஏறுறது. கம்பியூட்டர்ல அப்பிடியே ஓடும்."

"இந்தப் பெட்டி?"

"விசாரிக்க எண்டு தனிய எடுக்கிற ஆக்கள்."

"உள்ள அம்பு போகுது, வெளிய ஒண்டும் வரேல்லை. என்ர மெட்டா மொடல் இதை விடாது. ஒரு மொடல் எப்பிடி இருக்கோணும் எண்டு சொல்லுற மொடல் அது. உள்ள வந்த ஆளுக்கு வெளிய போக வழியில்லாட்டி, பிழை எண்டு திருப்பி அனுப்பும்."

"நாளைக்கு ரெண்டையும் ஒண்டாக் குடுக்காட்டி நான் பெயில், தாயே. அந்தச் சட்டத்தை எடுத்துவிடும்."

"நீர் அம்பைக் கீறும்."

"எத்தினை மணித்தியாலத்தால வருவினம் எண்டு போடுறது? நான் நிண்டு பார்த்த அண்டைக்கு ஒருத்தரும் வரேல்லை."

அவள் பென்சிலைப் பறித்துத் தானே கீறினாள். நான் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. அந்த அம்பு எங்கே போய் முடிகிறது என்று பார்க்க எழும்பாமல் இருந்தேன்.

"நேரத்தை ஆரையாவது கேட்டுப் போடும்," என்றாள்.

"இது உம்மட சட்டம். செக் பொயின்ற்றில அப்பிடியொரு சட்டம் இல்லையே?"

"ஓம், நான் எழுதினதுதான். எடுக்கமாட்டன்."