தன் கையைவிடத் தன் ஒளியிழையை நம்பிய யூனா கினேன் அம்மையாருக்கு

கண்ணுக்குத் தெரியாக் கதிரைக் கடுகளவு ஒளியாக்கிக் கணக்கிட்டுக் காட்டிய கண்மணியே! அதிர்ந்து பேசாமலே எங்களை ஆட்டிவைத்த அம்மையே! கிளென்மாரா மருத்துவமனையின் கதிர்ச்சிகிச்சைப் பிரிவில் முப்பத்தோராண்டு இயற்பியலாளராய் இருந்து, எங்களுக்கு முன்பே வந்து எங்களுக்குப் பின்பே வீடு திரும்பி, இன்று ஓய்வுபெறும் யூனா கினேன் அவர்களே! வாழ்க நீவிர், வணக்கம்!

நோயாளியின் உடலுக்குள் எவ்வளவு கதிர் போய்ச் சேர்கிறது என்பதைச் சிகிச்சை நடக்கும்போதே அங்கேயே அளக்க வேண்டும் என்று தாங்கள் சொன்னபோது, "கணக்குதான் கம்ப்யூட்டர் போடுதே!" என்று சிரித்தவர்கள் நாங்கள். கதிர் பட்டால் மினுங்கும் ஒரு துளிப் பொருளை மெல்லிய ஒளியிழையின் நுனியில் ஒட்டி, அந்த மினுக்கத்தை அறைக்கு வெளியே வைத்து எண்ணினீர்கள். அதற்கு 'யூனாவின் தூண்டில் நூல்' என்று பெயர் வைத்தவர்களும் நாங்களே. அறை விளக்கின் வெளிச்சத்தையும் சேர்த்து எண்ணிக்கொண்டது அந்த நூல். கறுப்புத் துணி சுற்றினீர்கள். கதிர் பட்டால் இழையே தானும் கொஞ்சம் ஒளிர்ந்து பொய் சொன்னது. நுனியில் ஒன்றுமில்லாத இன்னோர் இழையைப் பக்கத்தில் வைத்து அந்தப் பொய்யைக் கழித்தீர்கள். அப்பப்பா, என்ன பிடிவாதம்! ஆனாலும் அது அவ்வப்போது வீணாய் அலறத்தான் செய்தது. இனி வேண்டாம் என்று நிர்வாகம் முடிவெடுக்க இருந்த வாரத்தில்தான் மாலக்கி டியர்னி வந்தார்.

என்னிஸ் வழித்தடத்தில் பேருந்து ஓட்டுபவர் அவர், புராஸ்டேட்டில் புற்று. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள், பேச்சு மட்டும் மரக்கவில்லை. கதிர் வீசும் சிறு மணி ஒன்று பெட்டியிலிருந்து குழாய் வழியே ஓடி, புற்றுக்குள் செருகிய ஒவ்வோர் ஊசியிலும் குறித்த நேரம் நின்று திரும்பும். அந்தக் கதிர்மணி ஓடும் குழாய்களை ஊசிகளில் மாட்டியவர் தாங்களே. சிறுநீர்ப் பாதையில் ஒளியிழை இருந்தது. இரண்டு ஊசிகள் ஒழுங்காய் முடிந்தன. மூன்றாவதில் மங்க வேண்டிய ஒளி எகிறியது. அக்கணமே நிறுத்தினீர்கள், கதிர்மணி பெட்டிக்குள் திரும்பியது.

பொறுமையிழந்தார் டாக்டர் கோர்மாக் ஹெஃபர்னன். (இதோ, முன்வரிசையில் முகம் சிவக்க அமர்ந்திருக்கிறார்!)

"உன் தூண்டில் நூல் மறுபடியும் உளற ஆரம்பிச்சிடுச்சு யூனா. குழாய மாட்டினது நீ. நீ என்னிக்குத் தப்பு பண்ணிருக்க? நடத்து."

"நூலும் உளறலாம், என் கையும் உளறலாம். போய்ப் பாத்துட்டு வரேன்."

பார்த்தீர்கள். மூன்றாம் குழாயும் ஒன்பதாம் குழாயும் இடம் மாறியிருந்தன! ஓரத்தில் நெடுநேரம் நிற்க வேண்டிய கதிர்மணி சிறுநீர்ப் பாதையை ஒட்டி நின்றிருக்கிறது. விட்டிருந்தால் பாதை வெந்து, அந்த மனிதர் ஆயுளுக்கும் சிறுநீரை அடக்க முடியாமல் அவதிப்பட்டிருப்பார். ஓட்டுநர் பிழைப்பும் போயிருக்கும்.

"சரி பண்ணிட்டல்ல? இழைக் கோளாறுன்னு சொல்லிக்கலாம், விடு," என்றார் டாக்டர், தங்கள் பெயரைக் காக்கவே. அப்படிச் சொல்லியிருந்தால் தங்கள் பெயர் பிழைத்திருக்கும், இழை செத்திருக்கும். தாங்களோ நேரே நோயாளியின் தலைமாட்டுக்குப் போனீர்கள்.

"மாலக்கி, ரெண்டு குழாய நான் மாத்தி மாட்டிட்டேன். இழை காட்டிக் கொடுத்திடுச்சு. இப்ப சரி பண்ணியாச்சு, கூடப் போன கதிரையும் மிச்ச ஊசிங்க கணக்குல கழிச்சிடுவேன். மேல போகலாமா, வேணாமா? நீங்கதான் சொல்லணும்."

அவர் கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"நானும் தப்பு ரோட்டுல பஸ்ஸ விட்டிருக்கேம்மா. ஒத்துக்கிட்டுத் திருப்பினா ஜனங்க மன்னிச்சிடுவாங்க. வீம்புக்கு ஓட்டினாத்தான் அடிப்பாங்க. நடத்து. முடிஞ்சதும் டீ வேணும், ஸ்ட்ராங்கா!"

அன்று முதல் இழை இல்லாமல் இங்கே எந்த ஊசிக்கும் கதிர் ஓடியதில்லை. அடுத்த வாரம் முதல் குழாய் மாட்டப்போகும் கைகள் எங்களுடையவை. எங்கள் கை சரியென்று எவ்வளவு உறுதியாய் நினைத்தாலும், ஒளி எகிறினால் நிறுத்துவோம். தப்பென்றால் நோயாளியிடமே சொல்வோம். அந்தத் துணிவைத் தந்த தங்களை நினைத்தால் நெஞ்சு விம்முகிறது!

பிணியின்றி, பிணக்கின்றி, பேரின்பப் பெருவாழ்வு வாழ்வீராக! தங்கள் முழங்கால் வலி தணிக, தோட்டத்து உருளைக்கிழங்கு தழைக்க, ஷானன் ஆற்றங்கரையில் நெடுங்காலம் நடந்து திரிவீராக!

மாலக்கி டியர்னி டப்ளினில் மகள் வீட்டில் இருக்கிறார். வர முடியவில்லை, ஆனால் ஒரு சேதி சொல்லியனுப்பி, சபையில் படித்தே தீரவேண்டும் என்றார். மடலுக்கு அடுக்காது என்றார் டாக்டர். நாங்கள் கேட்கவில்லை.

"யூனாகிட்ட சொல்லுங்க. ஆறு வருஷமாச்சு. என்னிஸ்லேருந்து டப்ளின் வரைக்கும் பஸ்லயே போறேன். ஒண்ணுக்குன்னு ஒரு தடவகூட வண்டிய நிறுத்தச் சொன்னதில்ல."

என்றும் தங்கள் அன்பில் திளைக்கும்,
கதிர்ச்சிகிச்சைப் பிரிவு ஊழியர்கள்,
கிளென்மாரா மருத்துவமனை