மொகாமிக்கு விழுந்த ஓட்டு

தலைய அசைக்காதீங்க சார், கத்தி காதுகிட்ட இருக்கு. மாகாணத் தேர்தல் ஆபீஸ்லேர்ந்து ஓட்டுப் பெட்டியத் திறந்து மறுபடி எண்ண வந்தவர்தானே நீங்க? காலையிலேயே ஊருக்குத் தெரியும். இங்க புதுசா ஒரு காரு நின்னாப் போதும்.

பஞ்சாயத்துத் தேர்தல்ல நின்ன மொகாமிக்கு ஒரு ஓட்டுகூட விழலன்னு அறிவிச்சாங்க. அந்த மனுஷன் ஒத்துக்கல. ஒண்ணாவது இருந்தே ஆகணும், யாரோ மறைச்சுட்டாங்கன்னு மனு மேல மனு போட்டு உங்களை மலையேற வச்சுட்டாரு.

அவரோட சொந்த ஓட்டா? எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. சீட்டுல நாமளே பேரை எழுதணும்ல, தன் பேரைத் தானே எழுதிக்கிறது வெக்கங்கெட்ட வேலைன்னு, கூட நின்ன பஞ்சாயத்துத் தலைவரோட தம்பி பேரை எழுதிப் போட்டுட்டு வந்திருக்காரு. சிரிக்காதீங்க, கன்னம் ஆடுது.

எங்க பஞ்சாயத்துல பத்து நாற்காலி. தெருத்தெருவா கூட்டம் போட்டு, டீயக் குடிச்சுக்கிட்டே பத்து பேரை முடிவு பண்ணிடுவோம். பதினோராவது ஆளு நின்னாத்தான் ஓட்டுப்பதிவு. பதினாறு வருஷமா யாரும் நிக்கல. ஆத்துக்கு மேல மலையில ரசாயனக் கழிவக் கொட்டப் போறாங்கன்னதும் இவர் நின்னாரு. அன்னிக்கே ஊரு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. நல்லாப் போயிட்டிருந்த ஊர்ல சண்டைய இழுத்துட்டானேன்னு.

ஆனா பாருங்க, இதே நாற்காலியில உக்காந்து, கண்ணாடி வழியா என்னைப் பாத்து, என் ஓட்டு மொகாமிக்குத்தான், வெளிய சொல்லிடாதேன்னு சொன்னவங்க எத்தனை பேருங்கிறீங்க? பன்னெண்டு. நான் யார்கிட்டயும் மூச்சு விடல.

பொய் சொல்லலீங்க அவங்க. சொல்லும்போது நெசமாத்தான் சொன்னாங்க. அங்க போய் பென்சிலைக் கையில எடுத்ததும்தான் யாரு எண்ணப் போறாங்கன்னு ஞாபகம் வந்திருக்கும். எண்ணுறவங்க எல்லாம் அக்கம்பக்கத்து ஆளுங்க, எழுத்தப் பாத்தே யாருன்னு சொல்லிடுவாங்க. வேற யாராவது போட்டிருப்பாங்க, நம்ம ஒண்ணு குறைஞ்சா என்னன்னு தோணியிருக்கும்.

எனக்கு எப்படித் தெரியுமா? நானும் அப்படித்தானே பண்ணேன்.

என் பையன் தலைவரோட கம்பெனியில லாரி ஓட்டுறான். தலைவரோட தங்கச்சிதான் அன்னிக்கு ஓட்டுச்சாவடி மேஜைகிட்ட சாட்சியா உக்காந்திருந்தா. என்னைப் பாத்து சிரிச்சா. அதான் பன்னெண்டு பேரு இருக்காங்களேன்னு தலைவர் பேரை எழுதி மடிச்சுப் போட்டுட்டேன். கேவலந்தான் சார். நீங்க சொல்ல வேண்டாம்.

மொகாமி எப்படியும் ஜெயிச்சிருக்க மாட்டாரு. கழிவும் வரத்தான் போகுது, ரோடுகூட வெட்டியாச்சு. இன்னொரு தடவை இந்த ஊர்ல எவனும் எந்திரிச்சு நிக்க மாட்டான். ஒரே ஒரு ஓட்டு இருந்திருந்தா, அந்த மனுஷன் தலைநிமிந்து கடைவீதிக்காவது போயிருப்பாரு.

பெட்டியத் திறக்காம விட வழியில்லையா? தெரியும், சும்மா கேட்டேன்.

இந்தாங்க, துண்டு சூடா இருக்கு, பாத்து. பத்து மணிக்குத்தானே? மாடியில சட்டை தேய்ச்சுக்கிட்டிருக்காரு, உங்ககூடவே கூட்டிட்டுப் போயிடுங்க. மொகாமிதான், வேற யாரு. அவர் ஒண்ணு ஒண்ணுன்னு தேடுறது என் ஓட்டத்தான் சார். முப்பத்தோரு வருஷமா பாக்குற எழுத்து, எத்தனை சீட்டு கலந்து கிடந்தாலும் என் பொண்டாட்டியோடதை எடுத்துக் காட்டிடுவேன்னு ராத்திரிகூட சொன்னாரு. எடுத்துருவாரு. தலைவருக்கு விழுந்த சீட்டுக் கட்டுல இருக்கும்.