வடிகட்டிக்கு மேல் தங்கியது

இந்த வருடம் செஞ்சிப் பக்கம் முருங்கை நன்றாகப் பூத்தது ஐயா. தேனீக்களுக்குக் குறையே இல்லை.

நானும் என் அக்காள் கணவர் தனகோட்டியும் தேனீ விஷம் எடுத்து மருந்துக் கம்பெனிக்கு அனுப்பிவந்தோம். கூட்டு வாசலில் கண்ணாடித் தகடு வைத்து லேசாகக் கரண்ட் விட்டால் தேனீ கோபித்துக் கொட்டும். கண்ணாடியில் கொடுக்கு சிக்காது, அதனால் சாகாது. காய்ந்த விஷத்தைச் சுரண்டி, வலி மருந்துக்கு ஆகும் பொருளை மட்டும் பிரிக்க வேண்டும். மாமா அதற்கு ரசாயனம் ஊற்றுவார். வெறும் தண்ணீரும் மெல்லிய வடிகட்டியும் போதும் என்று நான் செய்து காட்டினேன். வேண்டியது கீழே இறங்கிவிடும். ஒவ்வாமையைக் கிளப்புவது மேலே தங்கும்; அதைக் குழிதோண்டிப் புதைப்பேன்.

மாமாவுக்குத் தேனீ கொட்டினால் ஆகாது. ஒருமுறை ஒரே ஒரு தேனீ கொட்டியதற்கே செத்துப் பிழைத்தார். அவசரத்துக்கென்று ஓர் ஊசி எப்போதும் பையில் இருக்கும். ஆனால் நான் சுத்தம் செய்தது அவருக்கு ஒத்துக்கொண்டது. முழங்கால் வலிக்கு வாரா வாரம் அதை என் கையால்தான் ஊசியாகப் போட்டுக்கொள்வார்.

"உன் கை பட்டா வலியே தெரியல வல்லி" என்பார்.

போன வாரம் என்னிடம் சொல்லாமல் பழையபடி ரசாயனத்துக்கு மாறினார். கழிவைத் தேனீக்கள் தண்ணீர் குடிக்கும் வாய்க்காலில் விட்டார். விடிந்து பார்த்தால், பெட்டிகளுக்கு முன்னால் மிளகு கொட்டியதுபோல் தேனீக்கள் செத்துக் கிடந்தன.

"இன்னா மாமா இது?"

"தண்ணியில செஞ்சா லேட்டாவுது. பூச்சிதானே, வேற வாங்கிக்கலாம். இதுக்கா டென்ஷன் ஆவுற?"

நான் டென்ஷன் ஆகவில்லை. அவருக்கு மோர் கொடுத்தேன். அன்று ஊசி போடும் நாள். அவராகவே வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் ஊசிக்கு நான் வழக்கம்போல் தண்ணீரில்தான் வடிகட்டினேன்; மேலே தங்கியதை அன்று நான் புதைக்கவில்லை.

"இன்னாடி வல்லி, இன்னிக்கு இப்டி எரியுது?"

"பொறுத்துக்கோங்க மாமா."

பையில் கைவிட்டுத் துழாவினார். அவசர ஊசி என் இடுப்பில் இருந்தது.

தேனீ கொட்டிவிட்டது என்று ஊரே நம்பியது. நானும் அழுதேன், அழுகை வரத்தான் செய்தது. ஆனால் அக்கா இன்று, "எம் புருஷன தின்ன சனியனுங்க" என்று மண்ணெண்ணெய் ஊற்றிப் பெட்டிகளைக் கொளுத்தச் சொல்லிவிட்டாள். அதனால்தான் பஸ் பிடித்து ஸ்டேஷனுக்கு வந்தேன். கொன்றது நான், தேனீக்கள் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்குமுன் பெட்டிகள் இருக்கும் தோப்புக்கு ஒரு போலீஸ்காரரை அனுப்பிவிடுங்கள் ஐயா.

ஓர் உயிர் அநியாயமாகச் சாவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.